கப்பல் துறையில் நின்றவர்

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, லுசேர்ண் நகருக்கு அப்பால் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மலைகள் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும் அழகான இடம். என்னைத் தவிர அங்கிருந்த ஒரே தமிழர், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த ஒருவர்தான். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட்.

ஏரியில் பயணிகள் கப்பல் வரும்போதெல்லாம் துறையில் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். நான் நடக்கப் போனால் சற்றுத் தள்ளிப் பின்னால் வருவார். யாரோ என்னை வேவு பார்க்க இவரை வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பகலிலும் ஜன்னல் திரையை மூடி வைத்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் துறையில் மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, ஏன் எனக்குப் பின்னாலை திரியிறியள்?"

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். உம்மை ஆர் இஞ்சை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. கால் ஒப்பரேஷன். டொக்டர்தான் ஓய்வெடுக்கச் சொன்னவர்."

"இத்தனை வருஷமா இஞ்சை ஒரு தமிழாளும் வந்து தங்கேல்லை. நீர் வந்து போகாமல் நிக்கிறீர்."

ஊன்றுகோலைக் காட்டினேன். அதையும் அவர் நம்பவில்லை.

"எப்ப போறீர்?"

"சனிக்கிழமை."

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. யாருக்குப் பயந்து அங்கே ஒளிந்திருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஓல்டனில் உள்ள வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.