எங்கட ஆக்கள்

"எங்கட ஆக்கள்" என்றால் எங்கள் வீட்டில் தமிழர் என்றுதான் அர்த்தம். பஸ்ஸில் ஒரு முகத்தைக் கண்டால், "எங்கட ஆக்கள் போலை கிடக்கு" என்போம். ஆனால் இவர், என் மனுசன், சனிக்கிழமைகளில் அதே சொல்லை வேறு ஆட்களுக்குச் சொல்வார். "எங்கட ஆக்கள் இண்டைக்குத் தோத்திட்டினம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், அது வட லண்டனில், எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சின்ன உதைபந்தாட்டக் கிளப். நான் லண்டனுக்கு வந்து சேர முதலே இவருக்கு அவர்களோடு ஒட்டு. கலியாண வீட்டிலும் மூலையில் நின்று போனில் ஸ்கோர் பார்ப்பார். எனக்குப் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்கப் போவதில்லை.

இந்த முறை மேல்பிரிவுக்கு ஏற ஒரு வாய்ப்பு வந்தது. பிளேஓஃப் அரையிறுதி. வென்றால் இறுதியாட்டம், தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான். ஆட்டம் வெளியூரில். டிக்கெட் கிடைக்காதவர்கள் கிளப் பாரில் பெரிய திரையில் பார்ப்பார்களாம். நானும் வாறன் என்றேன். இவர் திகைத்துப்போனார். என்னிடம் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

அங்கே இவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. செத்துப்போன தன் மனுசன் இருந்த கதிரையை இவருக்குக் கொடுத்தவளாம். அதை எனக்குச் சொன்னதே அவள்தான். லண்டனுக்கு வந்த புதிதில் இவர் கோட் இல்லாமல் மழையில் நின்று ஆட்டம் பார்த்த கதையையும் சொன்னாள். என் மனுசனின் கதையை இன்னொருத்தி எனக்குச் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் தேடி எடுத்து வந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் கிழவி ஒரு இனிப்பை உரித்து நீட்டினாள். இவர் திரும்பிப் பார்க்காமலே கையை விரித்து வாங்கி வாயில் போட்டார். வீட்டில் நான் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

முதல் பாதியிலேயே எதிர் அணி ஒரு கோல் போட்டது. பார் செத்த வீடானது. இரண்டாம் பாதியில் நான் டாய்லெட்டுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டிருக்க, சுவர் அதிர்ந்தது. இவரின் ஆக்கள் அடித்துவிட்டார்கள். நான் திரும்பி வந்து ஸ்டூலில் சரியாக இருக்கக்கூட இல்லை, எதிர் அணி இன்னொன்று போட்டது. கிழவி என்னைப் பார்த்தாள். பிறகு இவரின் காதுக்குள் ஏதோ சொன்னாள்.

இவர் என் பக்கம் குனிந்தார். "இஞ்சேரும், குறை நினையாதையும். கொஞ்ச நேரம் வெளியிலை நிண்டுகொள்ளும்."

"ஏன்?"

"நீர் வெளியிலை போகேக்கைதானே அடிச்சவை."

வேலை இன்டர்வியூவுக்கு நான் வெளிக்கிட்ட காலையில், நல்ல முழுவியளமாக ஒருக்கால் எனக்கு எதிரே நடந்து வாங்கோ என்று இந்த மனுசனிடம்தான் கேட்டேன். லண்டனிலும் சகுனம் பார்க்கிறீரோ என்று சிரித்துவிட்டு சோபாவில் சாய்ந்தவர். இப்போது கிழவி சொன்னதும் பெண்சாதியை எழுப்பி அனுப்புகிறார்.

போனேன். கோட்டுகள் தொங்கும் நடையில் நின்று, தோற்கட்டும் என்று மனதார வேண்டினேன். வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனையும் துணைக்குக் கூப்பிட்டேன். அம்மனுக்கு அன்றைக்கு வேறு அலுவல் போலும். உள்ளே மறுபடி கூரை அதிர்ந்தது. இரண்டுக்கு இரண்டு.

மேலதிக நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போனது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதனூடே திரையும் தெரிந்தது, இவரின் முகமும் தெரிந்தது. கடைசியில் இவரின் ஆக்களில் ஒருவன் பந்தை வைத்தான். இதைப் போட்டால் வெற்றி. இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கிழவியின் கை இவரின் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. தாலி கட்டிய அன்றும் என் கையை இப்படிப் பிடிக்கவில்லை.

நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். நான் உள்ளே வந்தால் தோல்வி என்று பார் முழுக்க நம்பியது. அந்த நேரம் நானும் நம்பினேன்.

கையை எடுத்துவிட்டேன். இரக்கப்பட்டு இல்லை. தோற்றால் இவர் கிழவியின் தோளில்தானே விழுந்து அழுவார்.

பந்து உள்ளே போனது. பார் குதித்தது. நான் வெளியில் நிற்பது நெடுநேரம் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பிறகு கதவு திறந்து, கண் சிவக்க இவர் வந்து என்னை இறுக்கிப் பிடித்தார். "எங்கட ஆக்கள் வெண்டிட்டினம்" என்றார்.

"அந்த ஆக்களிலை நானும் இருக்கிறனோ?"

இவருக்கு விளங்கவில்லை. "இதென்ன கேள்வி? நீர்தானே வெளியிலை நிண்டனீர்."

பின்னால் வந்த கிழவி என் கன்னத்தைத் தட்டினாள். இறுதியாட்டத்துக்கு இதே நடையில் எனக்கு ஒரு நல்ல கதிரை போட்டு வைப்பதாகச் சொன்னாள். கண்ணாடிப் பக்கமாகப் போடச் சொன்னேன்.