இளைத்த பிறகு நெய்வேலியில் இரண்டு நாள்

நெய்வேலி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது காலை பதினொன்றரை. ஆனி மாதத்துச் சனிக்கிழமை. எழும்பூரில் முந்தின நாள் ஏறி, கடலூர் பழைய பட்டணத்தில் இறங்கி, விருத்தாசலம் போகும் பாசஞ்சருக்கு மாறி வந்திருந்தேன். பாசஞ்சர் குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று ஒவ்வொரு ஊராக நிதானமாக நின்று வந்தது. எனக்குத்தான் நிதானம் இல்லை. கதவருகே போய் நிற்பதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தேன். எதிரே இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல், "வயிறு சரியில்லீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

வயிறு சரியாகத்தான் இருந்தது. சரியாகிவிட்டதுதான் என் தொல்லை.

நான் சென்னையில் ஒரு நாடகக் கம்பெனியில் காமெடி நடிகன். பரசுராமன் என்றால் யாருக்கும் தெரியாது. நோட்டீஸில் 'பீப்பாய் பரசு' என்றுதான் போடுவார்கள். இருநூற்று எழுபது பவுண்டு உடம்பு. மேடையில் நடந்து வந்தாலே சிரிப்பு கிளம்பும், வசனமெல்லாம் அப்புறம்தான். ஒரு நாள் வீட்டு மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நூற்று எழுபதுக்கு இறங்கி வாரும். இல்லாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைக்கு வேறு ஏற்பாடு பண்ணி வையும்" என்றார்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. கேழ்வரகுக் கூழ், நீர்மோர், கீரை, விடிவதற்குள் கடற்கரையில் நடை. நூற்று எழுபதைத் தொட்ட அன்று என் மனைவி சாரதா பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு அழுதாள். மறுநாள் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. எதற்காக நடக்கிறேன்? அத்தனை மாதமும் எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. அது முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் என்ன என்று ஒரு நாள்கூட நான் யோசித்திருக்கவில்லை.

கம்பெனி முதலாளி யோசித்திருந்தார். "உடம்பு தேவலைன்னா சந்தோஷம்தான். ஆனா ஜனங்க பீப்பாயைப் பார்க்கத்தானே டிக்கெட் வாங்கறாங்க? ஆறு மாசம் நல்லா சாப்பிடும். பழைய சைஸுக்கு வந்தா சம்பளத்தைக் கூட்டறேன். முடியாதுன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். நெய்வேலிக்குப் போயிட்டு வந்து பதில் சொல்லும்" என்றார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்தும் நாடக மன்றத்துக்கு நான் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் நாடகத்தில் பண்ணையாராக ஒரே ஒரு காட்சி. இளைத்த சமாசாரத்தை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜீப் நின்றது. டிரைவர் பானெட்டில் சாய்ந்தபடி வெளியே வருகிற ஒவ்வொருவரையும் அளவெடுத்துக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் கலைந்து நான் ஒருவன்தான் பாக்கி. அப்படியும் அவர் கண் என்னைத் தாண்டி உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"யாரைத் தேடறீங்க?" என்றேன்.

"மெட்ராஸ்லேர்ந்து நாடகக்காரர் ஒருத்தர் வராருங்க. நல்லா குண்டா இருப்பாரு, தப்பவே முடியாதுன்னு சொன்னாங்க. பாத்துக்கினே இருக்கேன், ஆளக் காணோம்."

"நான்தாங்க அது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளையாடாதீங்க சார். அவுரு வர்ற நேரம்."

பையைத் திறந்து என் படம் போட்ட பழைய நோட்டீஸைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னா ஒடம்புக்கு, சார்?"

இதுதான் எங்கே போனாலும். இளைத்தவனை யாரும் பாராட்டுவதில்லை, துக்கம் விசாரிக்கிறார்கள்.

டிரைவர் பெயர் கலியமூர்த்தி. டவுன்ஷிப்புக்கு நாலைந்து மைல். முந்திரிக் காடு முடிந்ததும் செம்மண் வெளி. அதன் நடுவில் அளவெடுத்து இழுத்த கோடுபோல அகலமான ரோடுகள். ஓரமெல்லாம் இடுப்புயரக் கன்றுகள். வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை; தெருப் பெயருக்குப் பதில் பிளாக் நம்பர். சங்கு ஊதியதும் எங்கிருந்தோ நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் கிளம்பி ரோட்டை நிரப்பின. மதுரைப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பேச்சு, நாகர்கோவில் பேச்சு எல்லாம் கலந்து ஜீப்பைத் தாண்டிப் போயிற்று.

பகல் பன்னிரண்டு மணி. மன்றத்தின் செயலாளர் அந்தோணிராஜ், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கடலூர்க்காரர், முப்பது வயதிருக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் கையை நீட்டியபடி வந்தவர் என்னைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்தது.

"சார்... பண்ருட்டியில நான் பார்த்தப்ப..."

"அப்போ அப்படி. இப்போ இப்படி" என்றேன்.

அவர் மனைவி ஃபிலோமினா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பெரிய அண்டாவில் சோறு, இன்னொரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தட்டில் மலைபோல் அவித்த முட்டை. எல்லாம் பீப்பாய்க்கு என்று செய்தது. நான் ஒரு பிடி சோறும் ஒரு முட்டையும் போதும் என்றதும் அந்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

"சுகருங்களா?"

"இல்லம்மா. நானாத்தான் இளைச்சேன்."

"எங்க அண்ணனும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாரு" என்று ஆரம்பித்தவர், கணவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். அண்ணன் என்ன ஆனார் என்று நானும் கேட்கவில்லை.

குழம்பு வாசனை இழுத்தது. ஆறு மாசம் நல்லா சாப்பிடும் என்ற முதலாளியின் குரல் காதில் விழுந்தது. இந்த அண்டாவிலேயே ஆரம்பித்துவிடலாம். யாருக்கும் வருத்தமிருக்காது. கையை அலம்பிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. வெயிலில் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மூன்று மணிக்கு அந்தோணிராஜ் சுரங்கம் காட்டக் கூட்டிப்போனார். பள்ளம் என்று சொன்னால் போதாது. ஒரு ஊரைத் தூக்கிவிட்டால் அடியில் தெரிகிற வெறுமை அது. படிப்படியாக மண் இறங்கிப் போகிறது. கோபுர உயரத்துக்கு ஓர் இயந்திரம். அதன் சக்கரத்தைச் சுற்றி வாளிகள் மண்ணைக் கடித்துக் கடித்துப் பெல்ட்டில் கொட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், ஈரம் பட்ட மரத்தின் நிறத்தில் பழுப்பு நிலக்கரி.

கலியமூர்த்தி பள்ளத்தின் நடுவே ஆகாயத்தில் ஒரு இடத்தைக் கையால் காட்டினார். "எங்க வூடு அங்கதான் சார் இருந்துச்சு." எந்த இடம் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. "இப்ப மந்தாரக்குப்பத்துல வாடகைக்கு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அந்தோணிராஜிடம் கேட்டேன்: "கரியைத் தொடுறதுக்கே ரொம்ப நாள் ஆச்சாமே. தொட்ட பிறகு உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?"

"அன்னைக்கு ஒருத்தருக்கொருத்தர் மிட்டாய் கொடுத்துக்கிட்டோம். மறுநாள் காலையில ஷிஃப்டுக்குப் போனோம்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம்தானே சார் வேலையே? கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. ராப்பகலா பம்பு ஓடணும். நிறுத்தினா பள்ளம் தாங்காது." இதைச் சொல்லும்போதே அவர் கண் என் இடுப்பிலேயே இருந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. ஃபிலோமினா ரெண்டு தலகாணியைப் பிரிச்சு வயித்துக்குத் தைச்சுடுவா. கட்டிக்குவீங்களா?"

கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

மாலை ஆறரை. திறந்தவெளி மேடை, முன்னால் கோரைப்பாய்கள், பின்னால் சைக்கிளில் சாய்ந்தபடியே நிற்கிற கூட்டம். இலவம்பஞ்சு வயிற்றைக் கட்டிக்கொண்டு, மேலே ஜிப்பா மாட்டி, பழைய பீப்பாய் நடை நடந்து உள்ளே வந்தேன். ஆரவாரம் எழுந்தது. அதே சிரிப்பு, அதே இடத்தில். இத்தனை வருஷமும் இவர்கள் சிரித்தது இந்தப் பஞ்சைப் பார்த்துத்தானா? இதை யார் கட்டிக்கொண்டு வந்தாலும் சிரித்திருப்பார்களே?

காட்சியில் பண்ணையார் நாற்காலியில் உட்கார வேண்டும், அது நொறுங்கிச் சரிய வேண்டும். வேலைக்காரனாக நடித்தவர் அந்தோணிராஜ். நாற்காலியின் காலைப் பாதி அறுத்து வைத்தவரும் அவர்தான், என் பழைய எடைக்கு.

தொப்பென்று உட்கார்ந்தேன். நாற்காலி அசையவில்லை. எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். குதித்துப் பார்த்தேன். தேக்கு போலிருக்கிறது, முனகக்கூட இல்லை. குதித்ததில் வயிறு விலாப் பக்கம் நகர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ், தலகாணிய்யா!" என்று கத்தினான். விசில் பறந்தது. முன்வரிசையில் ஃபிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வியர்வையில் கண் எரிந்தது. உள்ளே ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கால் போகவில்லை. ஜிப்பாவுக்குள் கைவிட்டுத் தலையணையை இழுத்தேன். நூல் அறுந்து வந்தது. அதை நாற்காலியில் போட்டு, மேலே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டேன். மேடையில் நான் கால்மேல் கால் போட்டது அதுதான் முதல் தடவை. பழைய தொடைகள் அதற்கு இடம் கொடுத்ததில்லை.

அந்தோணிராஜுக்கு வசனம் மறந்துவிட்டது. நிஜமாகவே பதறிப்போய், "எஜமான், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அதைத்தானேடா ஊரே கேக்குது!" என்றேன். பிறகு வாய் தானாக ஓடியது. "ரயில்ல ஏறினா, வயிறு சரியில்லீங்களான்னு ஒருத்தர். இறங்கினா, என்னா ஒடம்புக்குன்னு ஒருத்தர். சோத்துல கைவச்சா, சுகருங்களான்னு ஒரு அம்மா. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா, எங்க அண்ணனும் இப்படித்தான் சொன்னாருங்கறாங்க. அந்த அண்ணன் என்னடா ஆனாரு? அதை மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்களே!"

முதல் சிரிப்பு பெண்கள் பக்கமிருந்து வந்தது. ஃபிலோமினாதான். பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அது பக்கத்துப் பாய்க்குப் பரவி, மெல்லச் சைக்கிள் கூட்டத்தையும் எட்டியது. பழைய ஆரவாரம் இல்லை. விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பிறகே வந்தது. கதை எங்கேயோ போய்விட்டது. பண்ணையார் கடைசிவரை பண்ணைக்குத் திரும்பவே இல்லை.

திரை விழுந்ததும் அந்தோணிராஜ், "நாடகம் பாழாப் போச்சு சார்" என்றார். கொஞ்சம் கழித்து அவரே சிரித்துவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணி, மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. டீ பத்து நயா பைசா. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நாங்க பீப்பாயப் பாக்கத்தான வந்தோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. முதலாளி சொன்னதும் அதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வடை சூடாக இருந்தது. ஒன்று வாங்கித் தின்றேன். ருசியாகவே இருந்தது. இன்னொன்று கேட்கத் தோன்றவில்லை.

சென்னை ரயிலைப் பிடிக்கப் பண்ருட்டி போக வேண்டும். பஸ்ஸில் ஏற்றிவிடக் கலியமூர்த்தி வந்திருந்தார். "இனிமே என்னா பண்ணப் போறீங்க, சார்?"

"தெரியலீங்க. ஆனா திரும்பக் குண்டாகமாட்டேன்."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான் முதலில். சாரதாவிடம்கூட அப்புறம்தான். முதலாளி ஒரு வாரத்தில் வேறொரு குண்டுப் பையனைப் பிடித்துவிட்டார். நான் இப்போது இந்த மாதிரி மன்றங்களுக்குத் தனியாகப் போய் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு பேசுகிறேன். சில ஊரில் சிரிக்கிறார்கள், சில ஊரில் இல்லை. வருமானம் முன்போல் இல்லை. விடியுமுன் எழுந்து நடப்பதை விடவில்லை. எதற்காக என்ற கேள்வியும் என்னோடு கூடவே நடக்கிறது.

சென்னையில் நான் பழைய உடம்பின் மிச்சம். தெருவுக்குத் தெரு, எப்படி இருந்தீர், இப்படி ஆகிவிட்டீரே என்பார்கள். நெய்வேலியில் கலியமூர்த்தி மாதிரி சிலரைத் தவிர எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள். எந்த ஊர், எந்த பிளாக், எந்த ஷிஃப்ட் என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு மேலே பேசப் போய்விடுகிறார்கள். அன்று அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பண்ருட்டிக்குப் பதினாறு மைலுக்கு மேலிருக்கும், டிக்கெட் எண்பது நயா பைசா. முத்தாண்டிக்குப்பத்தில் பஸ் நின்றபோது பலாப்பழத்தோடு ஒரு கூட்டம் ஏறியது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்பிள்ளையும், தோளில் பழத்தோடு அவள் புருஷனும் இடம் தேடினார்கள். பெண்பிள்ளை முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தாள். என் சீட்டில் ஏற்கனவே இருவர் இருந்தோம். கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் தள்ளுங்க சார், இன்னும் ஒரு ஆள் உக்காரலாம்."

என்னைப் பார்த்து வாழ்நாளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தள்ளி உட்கார்ந்தேன். புருஷன் பலாப்பழத்தை எங்கள் கால்களுக்கு நடுவே உருட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது.