கம்பத்தை இருமுறை தொட்டவன்

எர்மினியா வீட்டில் கரப்பான்பூச்சிக்குக் கூடப் பயப்படுகிறவள். பயமில்லாத இடம் என்று அவளுக்கு இருந்தது ஒன்றுதான், சிகாகோவில் அந்தப் பள்ளிக்கூட முக்கு. ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகையை அவள் தூக்கினால் சரக்கு லாரிகூடப் பெட்டிப்பாம்பாய் அடங்கும். பிள்ளைகளைச் சாலை தாண்ட விடுவதுதான் அவள் உத்தியோகம்.

அதற்கு அவளே போட்ட சட்டம் ஒன்று உண்டு. “முதல்ல விளக்குக் கம்பத்தைத் தொடு. ரெண்டு பக்கமும் பாரு. அப்புறம் காலை வை.” அந்த முக்கில் வளர்ந்தவர்களுக்குத் தொப்பை விழுந்த பிறகும், சாலையைக் கண்டால் கை தானாகக் கம்பத்துக்குப் போகும்.

போன இலையுதிர் காலத்தில், குடியுரிமைத் தாள் இல்லாதவர்களைப் பிடிக்க மத்திய அரசு ஆட்கள் முகமூடியோடு வேனில் வந்தார்கள். முக்கில் சோளம் விற்றவனைப் பிடித்துப் போட்டுக்கொண்டு வேன் சீறிக் கிளம்பியபோது பிள்ளைகள் நடுச்சாலையில் இருந்தார்கள். எர்மினியா பலகையைத் தூக்கினாள். வேறென்ன செய்வாள், அவள் வேலை அது. ஒருவன் இறங்கி அவளைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, கையைப் பின்னால் முறுக்கிக் கட்டினான். தோள் எலும்பு முறிந்தது. “நான் பொறந்ததே இந்த ஊர்லதான்” என்று அவள் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. சாயங்காலம் வரை அடைத்து வைத்துவிட்டு, ஏன் என்று சொல்லாமலே விட்டார்கள்.

அன்று அவளை வேனில் ஏற்றிவிட்டு, அவளைத் தள்ளிய அந்த முகமூடிக்காரன் நழுவி விழுந்து கிடந்த தன் துப்பாக்கி உறையை எடுக்கச் சாலையைத் தாண்டினான். தாண்டுமுன் கம்பத்தைத் தொட்டான், இரண்டு தடவை. வேனுக்குள் கிடந்த எர்மினியா அதைப் பார்த்துவிட்டாள். பல வருஷத்துக்கு முன்பு, இடுப்பில் தங்கைப் பாப்பாவைச் சுமந்துகொண்டு, தனக்கொன்று பாப்பாவுக்கொன்று என்று இரண்டு தடவை தொடுகிற பையன் அந்த முக்கில் ஒருவன்தான் இருந்தான். ஃபாபியான், ரொட்டிக்கடைக் காந்தலாரியாவின் மகன்.

வழக்குப் போட முடியுமா என்று கேட்கப் போனபோது வழக்கறிஞர் நோவாக்கம்மா விவரமாகச் சொன்னாள். “மத்திய அரசு ஆளுங்க மேல மத்திய கோர்ட்டுக்குப் போனா கதவைச் சாத்திடுறாங்க. இப்ப மாநிலம் ஒரு சட்டம் போட்டிருக்கு. உங்க உரிமையைப் பறிச்சவன் யாரா இருந்தாலும் இங்க நம்ம கோர்ட்டுலயே நிறுத்தலாம். ஆனா முகமூடி மேல வழக்குப் போட முடியாதும்மா. பேர் வேணும்.”

“தெரியாதுங்க” என்றாள் எர்மினியா. பச்சைப் பொய்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் இருந்த கனம் தெலேஸ், அவள் புருஷன். குடியுரிமைத் தாள் இல்லாதவன். நிலவறையில் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, வேன்கள் வர ஆரம்பித்ததிலிருந்து வாசற்படி தாண்டாதவன். ஃபாபியானுக்கு அந்த வீடு தெரியும். அவனுடைய முதல் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதே தெலேஸ்தான்.

ரொட்டி வாங்கப் போனால் காந்தலாரியா காசை வாங்கிக்கொள்ள மறுத்தாள்.

“வச்சுக்கோ எர்மினியா. நீ கேஸு கீஸுன்னு அலையுறியாமே? எம்பையன் விசாரிச்சான். தெலேஸ் மாமா இன்னும் கீழதான் இருக்காரான்னு கேட்டான்.”

“அவனுக்கு எதுக்கு அது?”

“பாசந்தான், வேறென்ன” என்றாள் காந்தலாரியா. அவள் முகம் நிமிரவில்லை. எர்மினியா அந்த ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் இறங்குமா அது?

தெலேஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நின்றதும் கேட்டான்.

“இத்தனை நாளா நான் ஒருத்தன்தான் ஒளிஞ்சிருக்கேன்னு நெனச்சேன். நீயும் என்கூட ஒளிஞ்சுக்கிட்டியா?”

“உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“தலைக்கு மேல வெள்ளம், இதுல ஜாணென்ன முழமென்ன. பேரைச் சொல்லாட்டா மட்டும் அவனுக்கு வீடு மறந்துடுமா? போய்ச் சொல்லு புள்ள. எனக்கும் உதறல்தான். ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்குவோம்.”

சொன்னாள். நோவாக்கம்மா எழுதும்போது அந்தப் பெயர் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. “அவங்க வழக்கை மத்திய கோர்ட்டுக்கு இழுக்கப் பார்ப்பாங்க, பயந்துடாதீங்க” என்றாள் நோவாக்கம்மா. பயப்பட இனிமேல் என்ன பாக்கி என்று எர்மினியா நினைத்துக்கொண்டாள்.

ஃபாபியான் கையில் சம்மன் கிடைத்த மறுநாள் காலை, கறுப்புக் கண்ணாடிக் கார் ஒன்று முக்குக்கு வந்தது. எர்மினியா இடது கையால் பலகையைத் தூக்கினாள். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. முகமூடி இல்லை. சவரம் செய்யாத, தூங்காத முகம்.

“எப்படித் தெரிஞ்சுது அத்தை?”

“கம்பத்தை ரெண்டு தடவை தொட்டே.”

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்.

“மாமா வீட்டுல இருக்காரா?”

அது பாசமா மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்காவது புரிந்திருக்குமா, தெரியாது. பலகையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

“எது கேக்கணும்னாலும் கோர்ட்டுல கேளு. இப்ப புள்ளைங்க தாண்டணும்.”

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கம்பத்தைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். கடைசிப் பிள்ளை தாண்டி முடிக்கும் வரை அவள் பலகையை இறக்கவில்லை. அதுவரை அவனும் காரை நகர்த்தவில்லை. பிறகு அவள் வீடு இருக்கும் பக்கமாகத் திருப்பினான்.