இடது கையால் எழுதிய கடிதம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசியவளும் இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒருதடவை நடக்கிற ஒரு காரியத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கிற வங்காளத்துச் சாந்த்ராகாச்சியில், ஸ்டேஷன் ரோட்டு மருந்துக்கடைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போவேன். கடைக்காரர் ஹால்தார் இடது கையால் மாத்திரை அட்டையை எடுத்து இடது கையாலேயே நீட்டுவார். எங்கள் கோவில்பட்டியில் அப்படி நீட்டினால் கொடுத்தவனை ஏசிவிட்டுத்தான் வாங்குவார்கள். இந்த ஊரிலும் அது மரியாதை இல்லைதான். புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்வேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதை உடைத்தவள் நான்.

கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு ரயில் யார்டில் வேலை. எனக்குப் பேச வருவதெல்லாம் காய்கறி வாங்குகிற வங்காளம்: எவ்வளவு, வேண்டாம், அழுகியிருக்கிறது. மற்றவர்கள் பேசினால் ஓரளவு புரியும். மாதம் ஒருதரம் லேக் மார்க்கெட்டுக்குப் புளியும் அப்பளமும் வாங்கப் போவோம். அங்கே கடைக்காரர் தமிழில்தான் பேசுவார். அவரிடம்கூட நான் நேரே கேட்டதில்லை. வீட்டுக்காரர் காதில் சொல்வேன், அவர் கேட்பார். அவரும் போய்ச் சேர்ந்தபிறகு எனக்கு வாயாக இருந்தவள் ஒரே மகள் உமா. இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்துக்கூட படிக்கத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் எழுத்தை அவள் பார்த்துச் சிரிப்பாளோ என்ற கூச்சம்.

உமா பார்மசி படித்துவிட்டு ஹால்தார் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். மருந்துக்கடை என்றால் பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டுமாம். அவருடைய பதிவுச் சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்ட வேண்டுமாம். உமாவின் சர்டிபிகேட்டும் மாத்திரை அலமாரிக்கு மேலே தொங்கியது. அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் அந்த வழியாகப் போய் வருவேன். சில கடைகளில் காகிதம்தான் தொங்கும், ஆள் இருக்க மாட்டார் என்று உமா சொல்லுவாள். அப்போது அது எனக்கு ஏதோ ஊர்க்கதைபோல இருந்தது.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை சொன்னார்கள். அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கினால்தான் வேலை. அதற்கு மூன்று மாதம் கெடு. இங்கே படித்த படிப்பை அங்கே அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இந்த ஊர்ப் பக்கமே, சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பரீட்சை எழுதினாள், பாஸானாள். அப்புறம் அசல் சர்டிபிகேட் வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தாள் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடிதம் நிஜமா என்று அவர்களே முதலாளியைக் கேட்டுக்கொள்வார்களாம். உமா வேலையை விட்டுவிட்டு, "ஹால்தார்தா, சர்டிபிகேட்டக் கழட்டிக் குடுங்க" என்று கேட்டாள்; அண்ணன் என்பதற்கு இந்த ஊரில் பெயரோடு 'தா' சேர்ப்பார்கள். இங்கே துர்க்கைக்கும் உமா என்றுதான் பெயர். அதை வைத்து ஹால்தார் கேலி பேசினார்.

"எங்க உமா வருஷத்துக்கு ஒருதரம் அம்மா வீட்டுக்கு வந்துட்டுக் கைலாசத்துக்குப் போவா. உனக்கு மஸ்கட்தான் கைலாசமா? பூஜை முடியட்டும், புது ஆளு வரட்டும், பாப்போம்."

துர்க்கை பூஜை வந்து போனது. புது ஆள் வரவில்லை. இரண்டு மாதம் உமாவின் பெயர் அங்கே தொங்கியது, உமா வீட்டில் இருந்தாள். ஒருநாள் பெரிய சண்டை போட்டுவிட்டு வந்து, "இனி அந்தக் கடைப்படிய மிதிக்க மாட்டேம்மா. கனவு கண்டதெல்லாம் போதும்" என்று குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் அவளிடம் சொல்லாமல் நானே கிளம்பினேன். கும்பிட்டுக் கேட்கலாம் என்றுதான் போனேன். இதை நம்புங்கள்.

கடையில் ஹால்தாரும் கவுண்டர் ஆளும் இருந்தார்கள். நான் ஓரமாக நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். கூட்டம் குறையவில்லை, வேறொரு கூட்டம் வந்தது. மூங்கில் கழியோடு பத்துப் பதினைந்து ஆண்கள். முந்தின நாள் கவுண்டர் ஆள் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் குடிக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டானாம், பிள்ளை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறதாம். (பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) கவுண்டர் ஆள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். முதல் கழி கண்ணாடி அலமாரியில் விழுந்தது. சிரப் பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உடைந்து, சிவப்பும் மஞ்சளுமாகத் தரையில் ஓடியது. மாத்திரைகள் செருப்புக்கடியில் நொறுங்கின. ஹால்தாரின் சட்டையைப் பிடித்து மாறிமாறி அறைந்தார்கள். ஒருவன் சுவரைப் பார்த்தான்.

"பேர எழுதித் தொங்க விட்டிருக்கியே, எங்கடா இந்தப் பொம்பள? இழுத்துட்டு வா அவள!"

அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்னொருவன் கழியை வீசினான். உமாவின் சட்டத்தில் பட்டு, அவள் போட்டோவுக்குக் குறுக்கே கண்ணாடி விரிசல் விட்டது. அதற்குப் பிறகு நான் கூச்சப்படுகிறவள் இல்லை. கவுண்டருக்குள் புகுந்து, ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைப் பிடுங்கினேன். ஆணியோடு வந்தது. எவனோ என் கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். முழங்கால் கண்ணாடித் துண்டில் போய் விழுந்தது. விலாவில் ஒரு உதை. "மாஷிமாடா, விடு!" என்று ஒரு குரல் கேட்டது; நம் ஊரில் பெரியம்மா என்கிற மாதிரி, வயதான பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுந்தேன். சட்டத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினால், ஹால்தார் வாயில் ரத்தத்தோடு வந்து சட்டத்தை வலது கையால் பிடித்தார். இழுத்தார். நான் இழுத்தேன். கவுண்டர்மேல் ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கி கிடந்தது. அதை எடுத்து அவர் கைமேல் போட்டேன். உலர்ந்த விறகு முறிகிற சத்தம். அவர் விட்டுவிட்டார். சட்டத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கண்ணாடி என் உள்ளங்கையைக் கிழித்து, ரத்தம் சர்டிபிகேட்டின் ஒரு மூலையில் இறங்கியிருந்தது. உமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கும்பல் ஹால்தாரின் விரலை உடைத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. உமாவும் அதையே நம்பினாள். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்டு ஆபீஸில் கறையோடேயே காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். கடிதம்தான் மிச்சம். கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. உமா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஹால்தார் கையில் மாவுக்கட்டோடு, உடைந்த அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு உமாவிடம், கடிதம் தருகிறேன், ஆனால் நீ இந்த மாதம்வரை வேலை பார்த்தாய் என்றுதான் எழுதுவேன் என்றார்.

"அப்படி எழுதினா, அந்தப் புள்ளைக்குத் தப்பா மருந்து போன அன்னைக்கு நான் இங்க இருந்தேன்னு ஆயிரும். என் லைசென்ஸும் போகும், பேரும் போகும்."

"சரியான தேதிய எழுதினா, பார்மசிஸ்ட் இல்லாம ரெண்டு மாசம் கட நடத்தினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. என் கடைய நானே பூட்டணுமா?"

"நீங்க செஞ்சதத்தான எழுதச் சொல்றேன்!"

"போ, போ. மஸ்கட்ல போயி கத்து."

திரும்பி வரும்போது உமா எனக்கு முன்னே வேகமாக நடந்தாள். எனக்கு என்னவோ தீப்பெட்டி ஆபீஸ் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னைக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் அனுப்பினார்கள். நாங்கள் ஒட்டுகிற லேபிள் கிழிந்தால், பெட்டி நசுங்கினால், கங்காணி கூப்பிட்டுப் பலகைமேல் கையை வைக்கச் சொல்வார். தானாக வைத்தால் கட்டை ஸ்கேலால் ஒரு அடி. வைக்காதவர்களைப் பிடித்து இழுத்து வைத்து இரண்டு அடி. விழுந்ததோடு சரி, அப்புறம் அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி நான் கிழித்த லேபிளுக்காக இரண்டு அடி வாங்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன். அவள் விரல் வீங்கிப் பசை எடுக்க முடியாமல் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாம்தரமும் நான் தலையைக் குனிந்துகொண்டால் அந்த அடி உமாமேல் விழும் என்று பட்டது.

மறுநாள் தனியாகப் போனேன். வழியெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். "ஆமி மேரேச்சி" என்றேன். நான்தான் அடித்தேன் என்று அர்த்தம்.

ஹால்தார் சிரித்தார். "தெரியும் மாஷிமா. வாங்கினவன் நானில்லையா?"

ஒருதடவை என்று ஒரு விரலைக் காட்டினேன். அவர் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு, மாஷிமா. மொத அடியிலயே விட்டுட்டேன். அப்புறமும் போட்ட."

எனக்கு அதற்குமேல் வங்காளம் இல்லை. வலது கையைக் கவுண்டர்மேல் விரித்து வைத்தேன். உள்ளங்கைக் காயத்துக்கு மருந்து கேட்கிறேன் என்று நினைத்து அவர் பஞ்சை எடுத்து வந்தார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மூலையில் சாய்ந்திருந்த ஷட்டர் கொக்கியைக் கொண்டுவந்து அவர் இடது கையில் கொடுத்தேன். மறுபடியும் கையைக் குப்புற வைத்தேன். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் முகம் கறுத்தது.

"பைத்தியமா உனக்கு? எடு கைய!"

எடுக்கவில்லை. அவர் கத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கொக்கியைத் தூக்கினார். நான் கண்ணை மூடவில்லை. அது வந்து விழுந்தபோது கவுண்டர் பலகை தெறித்தது. என் சுண்டுவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி. வேண்டுமென்றே தள்ளி அடித்தாரா, இடது கை என்பதால் தவறியதா, அது எனக்குத் தெரியாது. கொக்கியை வீசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். "அந்தச் சட்டத்தோட தெருவுல எறங்கியிருந்தா உன்ன அடிச்சே கொன்னுருப்பானுங்க. அதுக்குத்தான் புடிச்சேன்" என்றார். நிஜம்தானா, இல்லை சர்டிபிகேட் போனால் கடை போகும் என்று பிடித்தாரா? அதுவும் தெரியாது. ஒரு தாளை எடுத்து வைத்து, இடது கையால் எழுத ஆரம்பித்தார். நான் எழுதுகிறதைவிடக் கோணலான எழுத்து. தேதி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். என் கை பலகைமேல் அதே இடத்தில்தான் இருந்தது. சரியான தேதியை எழுதினார்.

அந்த நாட்டு ஆபீஸிலிருந்து கேட்டபோது, என் எழுத்துத்தான், கை உடைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். எப்படி உடைந்தது என்று போலீஸ் கேட்டதற்கு, எந்த முகத்தையும் பார்க்கவில்லை என்றாராம். அந்தத் தேதிக்காகவே அதிகாரிகள் வந்து கடையைச் சில மாதம் பூட்டி வைத்தார்கள். உமாவுக்குக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது லைசென்ஸ் வந்தது.

இப்போது போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள். அவள் தலைக்கு மேலே அந்த நாட்டு லைசென்ஸ் தொங்குகிறது, அரபியில். என் கறை பட்ட காகிதம் அவள் பெட்டிக்குள் இருக்கிறது. கடல் தாண்டிப் போனது என்னில் அவ்வளவுதான். கும்பலில் அடிபட்டவர் என்று ஹால்தாருக்குப் பேரீச்சம்பழம் அனுப்புகிறாள். அவர் இடது கையால் எனக்கும் இரண்டு எடுத்துக் கொடுக்கிறார். மறுபடி திறந்த கடையில் வேறு யாருடைய பெயரோ தொங்குகிறது. கவுண்டர் பலகையை மட்டும் மாற்றவில்லை. மாத்திரைக்குக் காத்திருக்கும்போது என் கை தானாகப் போய் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. என் ஊர் எது என்று யாராவது கேட்டால், கோவில்பட்டி என்று வாய் சொல்லும். கை அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்காது.

உமாவால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதினேன். எழுதி முடித்தபிறகு அந்தத் தைரியம் அசிங்கமாக இருக்கிறது. படிக்கிறவர்களில் யாராவது மஸ்கட்டில் இருந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஹால்தாரிடமும் கேட்டு, தேதிகளையும் மற்றதையும் ஒருதரம் சரிபாருங்கள். முக்கியமாக ஒன்று: எனக்கு ஒரு அடிதான் ஞாபகம் இருக்கிறது. அவர் இரண்டு என்கிறார். இரண்டுதான் என்றால், என் கணக்கைத் திருத்திவிட்டு அவளுக்கு வாசியுங்கள்.