சோப்புக் கூடத்தில் டூம் மெட்டல்

பாட்டு ஓடினால்தான் கை ஓடும் என்பது மாமாவின் சித்தாந்தம். அந்தச் சோப்புக் கம்பெனியின் பேக்கிங் கூடத்துக்கு அவர்தான் மேனேஜர். காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாகத் தன் போனைத் தட்டிவிடுவார். நாலு மூலையிலும் தொங்கும் ஸ்பீக்கர்கள் குத்துப்பாட்டைக் கக்க ஆரம்பிக்கும். அந்த அடிக்குத் தக்கபடி பெல்ட்டில் சோப்பு வரும், பெண்கள் அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள், டேப் ஒட்டுகிறவர்கள் சர்ரென்று இழுத்து அறுப்பார்கள். அன்றைக்குப் போக வேண்டிய பெட்டி போனால்தான் ஆட்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் கம்பெனி வண்டி கிளம்பும். அதனால் பாட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

கூடத்தின் கோடியில், பெட்டிகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் மேசையில் நின்றவனுக்கு டிகிரி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். வேதியியல் பட்டம் வாங்கியவன். அவன் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் ஒருத்தரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மற்றவர்கள் கல்லாக எறிந்த பெயரை அவன் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிந்தான்.

"டிகிரி, நம்ம பெட்டி பாஸா பெயிலா?" என்பாள் டேப் ஒட்டும் அக்கா.

"மூலை பிரிஞ்சிருக்கு. பெயில்."

"படிச்ச திமிரு. உன் கண்ணுக்குன்னு எங்கதான் பிரியுமோ!"

மாமா என்றால் டிகிரியின் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான், வீட்டில் ஒரு அறை ஒதுக்கித் தந்ததும் அவர்தான். சோறு இறங்குவதற்குள் இரண்டையும் ஒருமுறை சொல்லிக் காட்டிவிடுவார். கேட்டுக்கு உள்ளே சார், வெளியே மாமா. மாற்றிக் கூப்பிட்டால் முறைப்பார். அப்போது ஷிப்ட் சூப்பர்வைசர் இடம் காலியாகியிருந்தது. மாமா யார் பேரைச் சொல்கிறாரோ அவனுக்குத்தான் அந்த நாற்காலி. வாங்கிய பட்டத்துக்கு உட்கார ஒரு இடம் கிடைக்காதா என்று டிகிரியும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

வாயை மூடலாம், காதை மூட முடியுமா? நாள் முழுக்கக் குத்துப்பாட்டு மண்டையைக் குடைந்தது. சாப்பிடும்போது தாடை அந்தத் தாளத்தில் ஆடியது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், சாம்பிள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, வெறுப்பிலேயே போனில் தேடினான்: உலகத்திலேயே மெதுவான பாட்டு எது? தாலாட்டெல்லாம் தாண்டி ஒன்று வந்தது. டூம் மெட்டல் என்று போட்டிருந்தது, மேல்நாட்டு ராக்கில் ஒரு வகை. அட்டைப்படத்தில் கறுப்பு மலை ஒன்றைத் தவிர வேறில்லை.

கிடாரில் ஒரு அடி விழுந்தது. அவ்வளவுதான். அடுத்தது வரவில்லை. போன் சிக்கிக்கொண்டது என்று அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே ஒரு அடி. அது புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சரி, கெட்டுப்போன பதிவு என்று எடுக்கப் போன கை, இரண்டாவது அடி விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டது. போன் சரியாகத்தான் இருந்தது. வாசிக்கிற ஆள்தான் அவசரப்படவில்லை.

பத்தாம் வகுப்பில் ஓடு என்றார்கள். கல்லூரியில் ஓடு என்றார்கள். பட்டம் கையில் வந்த அன்று மாலையே, வேலைக்கு ஓடு என்றார்கள். பிறந்ததிலிருந்து தன்னை விரட்டாத முதல் சத்தம் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று.

அப்புறம் படிப்பு வெறியோடுதான் கேட்டான். கிடாரின் தந்தியைத் தளர்த்தித் தளர்த்தி, கொடிக்கயிறு மாதிரி தொங்கவிட்டு வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டான். அதனால்தான் சத்தம் காதில் படாமல் நெஞ்சுக்கூட்டில் படுகிறது. ஒரே வரிசையை ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பி வாசிப்பார்கள். சலித்துப்போய் எழப்போகும் நேரத்தில் ஒரே ஒரு சுரம் இடம் மாறும். அந்த ஒரு சுரத்துக்காகத்தான் முன்னாலிருந்த ஐந்து நிமிஷமும். அழுகிற குரல் வைத்த கூட்டம் வேறு, பாறை உருட்டுகிற குரல் வைத்த கூட்டம் வேறு, குரலே வேண்டாம் என்கிற கூட்டம் வேறு. முதல் வகை அவனுக்குப் பிடிக்கவில்லை. ரசிகன் என்றால் பிடிக்காததும் இருக்க வேண்டுமே.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் போட்டான். அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகலக்கா. பாட்டு."

"இதுக்கு யாராவது செத்தே இருக்கலாம்."

பின்னாலேயே மாமா. "ஏம்மா, உன் தம்பியைக் கெமிஸ்ட்ரி படிக்கத்தானே அனுப்பினீங்க? ஒப்பாரி படிக்கவா அனுப்பினீங்க?"

"மாமா, ஒரு பத்து நிமிஷம் உக்காந்து கேளுங்க..."

"பத்து நிமிஷத்துல என் லைன்ல எத்தனை பெட்டி போகும் தெரியுமா? இது என் வீடு. இங்க எருமை ஏப்பம் விடுற சத்தமெல்லாம் கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து காதில் மாட்டும் மொட்டுகளில்தான் கேட்டான்.

வினை அங்கே ஆரம்பிக்கவில்லை, ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. கூடத்தின் பழைய ஸ்பீக்கர்களை மாற்றிப் புது ப்ளூடூத் செட் வந்த அன்று, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாமாவே டிகிரியின் போனைப் பிடுங்கி இணைத்துப் பார்த்தார். பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார். அந்த இணைப்பை அழிக்க அவருக்கும் தோன்றவில்லை, படித்தவனுக்கும் தோன்றவில்லை.

பெரிய ஆர்டர் தரவிருந்த வியாபாரி ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். அவரை வரவேற்க மாமா தன் போனோடு கேட்டுக்குப் போனார். தூரம் போனதும் கூடத்தில் குத்துப்பாட்டு நின்றது. டிகிரி அப்போது சாம்பிள் அறையில், கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்தில், பாட்டைப் போட்டுவிட்டுச் சோப்பு எடை பார்த்துக்கொண்டிருந்தான். காதிலிருந்த மொட்டுகள் சார்ஜ் தீர்ந்து ஊமையாயின. தொலையட்டும் என்று கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். போன் சும்மா இருக்குமா? தெரிந்த ஸ்பீக்கர் ஆளில்லாமல் கிடந்தது, போய் ஒட்டிக்கொண்டது.

நாலு மூலையிலிருந்தும் அந்த முதல் அடி விழுந்தது.

பெண்கள் முதலில் சிரித்தார்களாம். "மேனேஜருக்கு வயிறு சரியில்லையோ" என்றாளாம் ஒருத்தி. ஆனால் வருஷக்கணக்காகப் பாட்டுக்கு ஆடிப் பழகிய கைகள் அவை. அடிக்கு ஒரு சோப்பு வைத்தே பழகியவர்கள், அடுத்த அடி வரும்வரை சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டேப் பாதி இழுத்தபடி நின்றது. பெல்ட் மட்டும் பழைய வேகத்தில் ஓட, சோப்பெல்லாம் கோடியில் குவிந்து தரையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மாமா வியாபாரியோடு உள்ளே வந்தார்.

வியாபாரி சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கம்பெனியில யாராவது தவறிட்டாங்களா, சார்?"

ஆர்டர் போய்விடவில்லை. ஆனால் மாமாவின் மானம் போய்விட்டது. கொட்டியதைப் பொறுக்கி, அடுக்கி, ஒட்டி முடித்து வண்டி கிளம்பியபோது பெண்களின் முகம் ஒவ்வொன்றும் அடுப்பாக இருந்தது. "பிள்ளை ஸ்கூல் வாசல்லயே நிக்குதுடா பாவி" என்று டேப் அக்கா கத்தியது டிகிரிக்கு உறைத்தது. மாமா திட்டியது உறைக்கவில்லை. இவள் பிள்ளை நின்றது உறைத்தது.

மறுநாள் காலை, பெல்ட் ஓடும் முன் மாமா எல்லோரையும் நிறுத்தி வைத்தார். மைக்கை டிகிரியிடம் நீட்டுவதற்கு முன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மன்னிப்புக் கேள். அப்புறம், அது சாக்கடை, இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லு. சொல்லிட்டு நேரா அந்தக் கண்ணாடி ரூமுக்குப் போய் சூப்பர்வைசர் நாற்காலியில உக்காரு. உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். என்னை இன்னொரு தடவை அசிங்கப்படுத்தாத."

"மன்னிப்புக் கேக்குறேன், சார். அது நியாயம்."

"ரெண்டையும்."

டிகிரி மைக்கை வாங்கினான். நாற்காலி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"நேத்து வண்டி லேட்டானது என்னாலதான். உங்க பிள்ளைங்க காத்துக்கிட்டு நின்னதும் என்னாலதான். மன்னிச்சிடுங்க. போன்ல அந்த இணைப்பை அழிச்சிட்டேன், இனிமே கூடத்துல அது கேக்காது." மூச்சு வாங்கிக்கொண்டான். மாமா புருவத்தை உயர்த்தி, ம், மேலே சொல் என்றார். "பாட்டைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. அது நல்ல பாட்டு. உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலை. அதுக்காக அதைச் சாக்கடைன்னு என் வாயால..."

மாமா ஸ்விட்சை அணைத்தார். மீதி யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கைதட்டியிருக்க மாட்டார்கள். "சொல்லித் தொலைச்சிட்டுப் போறதுக்கென்ன, நேரம் ஆகுதுல்ல" என்று ஒருத்தி முனகினாள். குத்துப்பாட்டு ஆரம்பித்தது, வழக்கத்தைவிடச் சத்தமாக. மத்தியானத்துக்குள் அந்த நாற்காலியின் உறையை வேறொருவன் பிரித்தான். டிகிரியைத் தர மேசையிலிருந்தும் எடுத்து, சோப்புச் சிப்பம் இறக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் வீட்டில் மாமா அவன் முகத்தைப் பார்க்காமல், டிவியைப் பார்த்துப் பேசினார். "இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிக்கச் சொல்லு உன் தம்பியை."

அக்கா அவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்புத்தான் இருந்தது. "ஒரு வார்த்தைடா. மனசுல என்னத்த வேணா நெனச்சுக்கிட்டு, வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கியிருந்தா சூப்பர்வைசர். உன்னைப் படிக்க வச்சதுக்கு அதுக்குக்கூடவா வாய் வரல?"

"வரலக்கா."

"அப்படி என்னடா இருக்கு அதுல?"

அவன் போனை எடுக்கப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"போட்டுக் காட்டச் சொல்லல. போய்த் துணிமணியை எடுத்து வை."