ஐஸில் வைத்த மாதுளை

இராயபுரத்தில் இருபது வருஷமாக மீன் விற்கிறேன். எந்தப் பண்டத்தையும் கெடாமல் வைக்கத் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

மகளின் சீமந்தத்துக்குச் சீர்த்தட்டில் வைக்க மூன்று நாள் முன்னதாகவே மாதுளை வாங்கினேன். வஞ்சிரத்தை வைப்பது போலவே கழுவி, ஈரக் கோணியில் சுற்றி, ஐஸ் தூளுக்கு நடுவில் வைத்தேன். விசேஷத்தன்று காலையில் எடுத்தபோது பழங்கள் பளபளவென்று இருந்தன. தலைப்பக்கம் கிரீடம் போல விரிந்திருக்குமே, அதற்குள் மட்டும் சாம்பல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுத் தட்டில் அடுக்கினேன்.

சம்பந்தி வீட்டுக்குப் போக டிராமுக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுப் பழக்கடை பாய் ஒரு பழத்தை எடுத்துக் கிரீடத்தின் ஓரத்தில் அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

“இன்னாக்கா, இத்த ஈரத்துலயா வெச்சிருந்தே?”

“ஆமா பாய், ஐஸுல. நல்லாத்தானே கீது?”

“தோலு நல்லாத்தான் கீது. ஈரம் பட்டா தலையில பூசணம் புடிச்சி உள்ள எறங்கிடும்க்கா.”

அறுத்துக் காட்டினார். முத்துகள் பழுப்பாகக் கூழாகியிருந்தன. சம்பந்தியம்மா கையில் அது பிளந்திருந்தால் என் மகள் ஆயுசுக்கும் பேச்சு கேட்டிருப்பாள். பாய் தன் கடையிலிருந்து ஈரம் படாத பழங்களாகப் பொறுக்கித் தந்து அனுப்பினார்.

இப்போது மாதுளையைக் கழுவாமல், காற்றுப் படும்படி பரப்பி வைக்கிறேன். என் கூடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்களிடம் எரிந்து விழுகிற நான், பழக்கடையில் ஒவ்வொரு கிரீடத்தையும் விரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.