பாபினின் இடது கண்

நல்லான் அண்ணன் எங்கள் கம்பெனியில் கறை எடுப்பவர். தைக்கும்போது மெஷினிலிருந்து பனியனில் சொட்டும் எண்ணெய்க் கறையைக் கெமிக்கல் கன்னால் பீய்ச்சிப் போக்குவதுதான் பதினெட்டு வருஷமாக அவர் வேலை. பின்பக்கத்து அறையில் ஒரு டேபிள், ஒரு கன், தீபாவளிக்கு முன்பே நின்றுபோன எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று மேனேஜர் தினமும் வந்து கத்துவார். ஃபேனைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டேபிளுக்கு அடியில், வெட்டிப் போட்ட பனியன் துண்டுகளின் மேல் படுத்திருக்கும் நாய்தான் பாபின். ஒரு மழைநாளில் குட்டியாக உள்ளே ஓடிவந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் வாய் அதற்குத்தான்.

மாசி மாதம் பாபினின் இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. மூக்கோரம்வரை செம்பட்டையாக ஒரு கோடு விழுந்தது. பேக்கிங்கில் இருக்கும் நான் சும்மா இருப்பேனா?

“ஏனுங்ண்ணா, உலகத்துக் கறையெல்லாம் எடுக்கறீங்க, இது போகலீங்களா?”

“போயிரும் அம்மிணி. தூசி உளுந்திருக்கும்” என்று சிரித்தார். கையில் இருந்த பனியன் துண்டால் மணிக்கொரு தரம் துடைத்துவிட்டார். நிற்கவில்லை. அவருக்கே எப்போதும் கண் சிவந்து நீர் வடியும். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து சட்டைப்பையிலேயே இருக்கும். அதைப் பாபினுக்கும் விட்டார். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன்.

ஐந்தாம் நாள் பாபின் கண்ணைத் திறக்கவே இல்லை. இமையை விலக்கிப் பார்த்தால் கருவிழியின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம். அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கண்ணு போயிருமா அம்மிணி?”

கேலி செய்த என் வாயை நானே திட்டிக்கொண்டேன். இருவரும் அரைநாள் லீவு சொன்னோம். என் ஸ்கூட்டியின் பின்னால் பாபினை மடியில் இறுக்கிக்கொண்டு அண்ணன் உட்கார, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணோரம் தொட்டார். கண் முழுக்க மஞ்சள்பச்சை படர்ந்தது. தண்ணீர் விட்டுக் கழுவியதும் மற்றதெல்லாம் போய், கருவிழி நடுவில் மிளகு அளவு பச்சை மட்டும் அப்படியே நின்றது.

“அங்கதான் புண்ணு. இது எங்க படுக்கும்?”

“என்ற டேபிளுக்கு அடியிலீங்க.”

துடைத்த துணியைக் கேட்டு வாங்கி முகர்ந்தார். முகம் சுளித்தது. “கெமிக்கல் நெடி கண்ணை உறுத்தியிருக்கு. இந்தத் துணி அதைவிட மோசம். அரிப்பு தாங்காம காலால தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கியிருக்கு.” சொட்டு மருந்தைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது. “இது செவப்பை மட்டும் அமுக்கும். புண்ணை ஆறவிடாது. இதை விடவே கூடாது.”

வேறு சொட்டு மருந்து கொடுத்தார். ஆறவைத்த வெந்நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொன்னார். தேய்க்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டினார். அந்த அறைப் பக்கமே விடக்கூடாது என்றார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த மருந்து யாருக்கு வாங்கினது?”

“எனக்குத்தானுங்க. ரெண்டு வருசமா விடறனுங்க.”

“ரெண்டு வருஷமா! நான் மாட்டு டாக்டர்ங்க. ஆனா இதை இப்படி விட்டா பார்வையே போகலாம்னு எனக்கே தெரியும். நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க.”

“வேலை பாக்கற கண்ணு, அப்படித்தானுங்க இருக்கும்” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார் அண்ணன்.

பாபினை அண்ணன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நேரம் தவறாமல் அவர் மனைவி மருந்து விட்டார். மூன்றாவது தடவை போனபோது பச்சை எங்கும் ஒட்டவில்லை. கண் தப்பிவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

“நீங்க போனீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஷிப்மெண்ட் முடியட்டுங்க.”

வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். நாய்க்காக மூன்று தடவை லீவு போட்ட மனுஷனுக்குத் தன் கண்ணுக்கு ஒரு அரைநாள் கிடைக்கவில்லை. “கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்களாங்ண்ணா?” என்றேன்.

மறுநாள் பாபின் அவர் சைக்கிள் பின்னாலேயே கம்பெனிக்கு ஓடிவந்துவிட்டது. கறை எடுக்கும் அறை வாசலில் அவர் அதன் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

“உள்ள வரப்படாது சாமி. டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இந்த நெடி ஆகாது.”

அது உள்ளே வந்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, டேபிள் முன்னால் உட்கார்ந்து கன்னைக் கையில் எடுத்தார்.